காற்றுப் புகாத பெட்டி

பிப்ரவரி 3

என் அருமை ஓணானுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். தீவுக் காற்றில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? போன தடவை அனுப்பிய இருமல் மருந்தை முழுவதும் குடித்தாயா? பாட்டிலைக் கடலில் கவிழ்த்துவிட்டு "குடித்தேன்" என்று எழுதாதே. பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். பொய் சொல்கிற நோயாளியைக் கையெழுத்திலேயே பிடித்துவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கேம் விளையாடுகிற மாதிரி கம்ப்யூட்டர். சிரிக்காதே, எனக்குத்தான். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்தால் டிவி பார்க்கப் பிடிக்கவில்லை. ரெடிமேடாக ஒன்று விலை கேட்டேன். கடைக்கார அம்மாவிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால் மலிவாக முடியும் என்று நீ முன்பெல்லாம் சொல்வாயே, அது நிஜமா, சும்மா அளந்ததா? என்னிடம் இருப்பது இந்த வருட போனஸ் மட்டும். நல்ல சைக்கிளாக மூன்று வாங்கலாம், நான்காவது வாங்க முடியாது. அதற்குள் அடங்க வேண்டும்.

கேள்விகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எழுத்து வேறு மாதிரி இருந்தால் கண்டுகொள்ளாதே, பஸ்ஸில் எழுதியது.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் உன் பேரை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. உன் கடிதம் வந்தால் எழுந்து தச்சுப் பட்டறைக்குப் போய்விடுகிறார். ஆனால் கடிதத்தை எங்கே வைக்கிறேன் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த படகில் பதில் வர வேண்டும்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருந்து குடித்தேன், பாதி பாட்டில். மீதியை என்னோடு வேலை பார்க்கும் ரேடியோக்காரர் குடித்தார். அவருக்கு இருமல் இல்லை, ருசி பிடித்துவிட்டது. உன் கால்வலி எப்படி? கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

இங்கே வானிலை நிலையத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாலு வேளை காற்றின் வேகத்தையும் மழையையும் அளந்து அனுப்புகிறோம். சாட்டிலைட்டில் எண்கள் மட்டும்தான் போகும், சொந்த விஷயம் எல்லாம் படகில்தான்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். உன் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கு. கேமை ஓட்டுவது அதுதான். பிராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும். ராம் பதினாறு ஜிபி வேண்டும், ஆனால் ஒரே குச்சியாக வாங்காதே. எட்டு எட்டாக இரண்டு வாங்கு, இரண்டு கையால் வேலை செய்கிற மாதிரி வேகம் கூடும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. மட்டமான பவர் சப்ளை தான் மட்டும் சாகாது, பக்கத்தில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போகும். கலர் கலராக மின்னுகிற சாமான் எதுவும் வேண்டாம். மின்னுவதால் வேகம் கூடாது, விலைதான் கூடும். மானிட்டர் பழையது போதும்.

என்ன கேம் என்று நீ எழுதவே இல்லை. சுடுகிறதா, கார் ஓட்டுகிறதா, பந்தா?

உன் பஸ் டிரைவர் கெட்டிக்காரர். அவ்வளவு குலுக்கலிலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தச்சர்கள் காதில் சொருகுகிற தடிப் பென்சிலில் எழுத முடிந்திருக்கிறதே!

அக்கா, நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆறு வருடம் உங்கள் வீட்டில் இருந்தேன். கிளம்பிய அன்று அத்தான் படகுத்துறைக்கு வரவில்லை. உங்களை விட்டுத் தூரமாக வேலை தேடிக்கொண்டேன் என்ற கோபமா? உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

தம்பி


மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. ரேடியோக்காரரிடம் சொல், அந்த மருந்தை ருசிக்குக் குடித்தால் பகலெல்லாம் தூக்கம் வரும்.

உன் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அம்மாவுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மின்மினி. கடையில் எதைத் தொட்டாலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று மின்னுகிறது. "மின்னாத ராம் இருக்கா?" என்று கேட்டேன். துக்க வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பின்னால் எங்கேயோ துழாவி, தூசு தட்டி, இரண்டு குச்சி கொடுத்தாள். பாதி விலை. உன் பேச்சைக் கேட்டதற்குப் பலன் கிடைத்தது.

கிராபிக்ஸ் கார்டுதான் தொண்டையில் நிற்கிறது. புதியது என்றால் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் போய்விடும். பழையது ஒன்று இருக்கிறதாம், "ஒரு காலேஜ் பையன் பூ மாதிரி வச்சிருந்தது" என்கிறாள். பூ மாதிரி வைத்திருந்தவன் ஏன் விற்றான் என்று கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவுகிறாள்.

இன்னொன்று. எனக்கு ஒரு யோசனை. எனக்குத்தான். கிராபிக்ஸ் கார்டைச் சின்னதாக எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பிராசஸரைப் பெரிதாக வாங்கினால் என்ன? ராமையும் பதினாறிலிருந்து முப்பத்திரண்டாக ஆக்கினால் என்ன? என்ன கேம் என்று கேட்டிருந்தாய். பொதுவாகச் சொல்லேன், எல்லாக் கேமும்தான்.

உன் அத்தான் சுகம். பட்டறையில் வேலை அதிகம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு.

காலில் செருப்புப் போடாமல் பாறையில் நடக்காதே.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். காய்ச்சலுக்கு நீயே மருந்து எடுத்துக்கொள்கிறாயா, டாக்டரைப் பார்க்கிறாயா? மற்றவர்களுக்கெல்லாம் "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்கிறவள்தானே நீ?

பழைய கார்டு வாங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. கடையிலேயே அரைமணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல். விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பார். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பிரித்துக் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வைத்துவிட்டு வந்துவிடு.

பிராசஸர் யோசனையைக் கைவிடு. உன் பட்ஜெட்டில் அது வீண். முப்பத்திரண்டு ஜிபி ராம் எதற்கு? விருந்தா வைக்கப் போகிறாய்? கார் ஓட்டவும் சுடவும் கார்டுதான் முக்கியம். இதில் என்னோடு வாதாடாதே, இந்த ஒரு விஷயத்திலாவது நான் சொல்வதைக் கேள்.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நாற்பது பெஞ்சைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் பெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா.

தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். போன படகில் கடிதம் போடவில்லை, மன்னித்துக்கொள். உட்கார்ந்தேன், எழுதினேன், கிழித்தேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சாமான் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வருகிறது. மதர்போர்டு வந்துவிட்டது, பவர் சப்ளை நீ சொன்ன மாதிரி நல்லதாகவே வாங்கினேன். பழைய கார்டை மின்மினி கடையில் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. ஆனால் வாங்கவில்லை. சின்னக் கார்டு புதியதாக ஒன்று வாங்கியாயிற்று. பிராசஸர் பெரியது. நீ கத்துவாய், கத்து. நீ இருக்கும் தீவிலிருந்து இங்கே கேட்காது.

பணம் எப்படிச் சரிக்கட்டியது என்று கேட்பாய். கேபினெட் வாங்கவில்லை. அந்தப் பணம் பிராசஸருக்குப் போய்விட்டது. பெட்டிக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம், இதற்கு மட்டும் சரியாகப் பதில் எழுது. ஊரில் ஒரு லட்சம் பேர் குடியேறி, பஸ், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, இந்தப் பிராசஸர் திணறாமல் தாங்குமா? முன்னே எழுபதாயிரம் தாண்டினாலே படம் விட்டு விட்டுத்தான் ஓடும்.

பதில் சீக்கிரம். மழைக்கோட்டு கிழிந்திருந்தால் சொல், அனுப்புகிறேன்.

அக்கா


மே 3

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு.

ஒரு லட்சம் பேர் தாங்கும். அந்த மாதிரி ஊர் கட்டுகிற கேமுக்குப் பிராசஸரும் ராமும்தான் முக்கியம். கார்டு சின்னது போதும். நீங்கள் வாங்கியதுதான் சரி, நான் அடம் பிடித்ததுதான் தப்பு.

"முன்னே எழுபதாயிரம் தாண்டினாலே" என்று எழுதியிருக்கிறாய். முன்னே என்றால் எப்போது? எந்தக் கம்ப்யூட்டரில்?

இங்கே கிளம்பும் முன் நான் விற்ற கம்ப்யூட்டரில் ஒரு ஊர் இருந்ததா அக்கா?

தம்பி


மே 17

என் ஓணானுக்கு,

நானும் அவரும் சுகம். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது வெளியே பாறையில் உட்காராதே, அறைக்குள் உட்கார்ந்து படி.

இருந்தது. நாலு வருடத்து ஊர்.

நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து விளையாடப் போவாய் அல்லவா, நீ தெருமுனை தாண்டியதும் அவர் பட்டறைத் தூசை உதறிவிட்டு வந்து உட்காருவார். முதலில் சும்மா தட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு ரோடு, ஒரு பாலம், ஒரு மார்க்கெட் என்று ஆரம்பித்தது. மனிதருக்கு எப்போதும் யாரோ ஒருத்தர் வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். முழு வீட்டைக்கூட அவர் கட்டியதில்லை. அங்கே முழு ஊரையே கட்டினார். தெருக்களுக்கு மரத்தின் பெயர் வைத்தார், தேக்குத் தெரு, மகோகனித் தெரு. ஆற்றுப்பாலத்துக்கு என் பெயர். ரயில் நிலையத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ஓணான் ஜங்ஷன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தலையைத் தலையை ஆட்டுவாயே, அதை நினைத்து வைத்தது.

"அவனுக்கு காட்டுங்களேன்"னு சொன்னேன். "போடி, நாப்பத்தாறு வயசுக்காரன் பொம்மை ஊர் கட்டறான்னு சிரிப்பான்"னு சொல்லிட்டார்.

நீ வேலை கிடைத்ததும் கம்ப்யூட்டரை அழித்துத் துடைத்து விற்றாய். உன் பணத்தில் வாங்கியது, விற்க உனக்கு உரிமை உண்டு. அன்றைக்கு அவர் வந்து பார்த்தால் மேஜை காலி. "பெட்டி எங்கே?" என்றார். "தம்பி வித்துட்டான்" என்றேன். "சரி" என்றார். சாப்பிட்டார். அடுத்த வாரம் நீ கிளம்பினாய், அவர் துறைக்கு வரவில்லை. "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். இன்றைக்கு மீறிவிட்டேன், பாவம் என் தலையில்.

இந்த ஜனவரியில், பெஞ்சுப் பலகை அறுத்துக்கொண்டே, "புதுசா ஒண்ணு வாங்கணும்னா என்ன வாங்கறதுன்னு அவனைக் கேட்டா தெரியும்" என்றார். வாய் தவறி வந்துவிட்டது. உன்னைப் பற்றி ஒன்றரை வருடத்தில் அவர் பேசியது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு எழுதினேன். கேள்வித்தாளை எழுதிக் கொடுத்தது யார் என்று உனக்கே தெரியும்.

தம்பி, நீ இந்த வீட்டுக்கு வந்து போக வேண்டும். அவர் உன்னோடு பேச வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டர் எல்லாம் அதற்குத்தான்.

சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

இதை அவரிடம் படித்துக் காட்டு. பட்டறைக்கு எழுந்து போனால் பின்னாலேயே போய்ப் படி.

அத்தான், அழிக்கும்போது அந்தக் கேமின் பெயர் கண்ணில் பட்டது. ஏதோ கூட வந்த இலவசக் கேம் என்று நினைத்து அழித்துவிட்டேன். உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. விற்றதை விடக் கேட்காததுதான் பெரிய தப்பு. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். "நீங்களும் விளையாடுவீங்களா?"ன்னு ஒரு தரம் வாயைத் திறந்து கேட்டதில்லை. நான் விளையாடும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். உங்களுக்குப் பொழுது போகவில்லை என்றுதான் நினைத்தேன். வாங்கிய ஆளைத் தேடிப் பிடித்தாலும் அதில் ஒன்றும் இருக்காது, சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அக்கா, இனி பூட்டுகிற வேலை. மதர்போர்டை எதன் மேலும் நேராகப் படுக்க வைக்கக் கூடாது. அடியில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் முடுக்க வேண்டும், மின்மினியிடம் கிடைக்கும். பிராசஸரை அழுத்தாதே, வைத்தால் தானாக உட்காரும், பிறகுதான் கொக்கி. பிராசஸர் மேல் விசிறியை வைப்பதற்கு முன்னால் சூடு கடத்துகிற பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். உன் களிம்பு தடவுகிற பழக்கத்தை இதில் காட்டாதே.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அதையும் எழுது.

தம்பி


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

சுகம். இரண்டு படகு கடிதம் இல்லாமல் வந்து போயிருக்கும், நீ என்னென்ன நினைத்திருப்பாயோ! ஒரு கெட்டதும் இல்லை. நீ இளைத்திருந்தால் மட்டும் கெட்டது.

படித்துக் காட்டினேன். பட்டறையில்தான். இழைப்புளியை நிறுத்தவே இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் ஒரே பலகையை இழைத்துக்கொண்டிருந்தார், பலகை காகிதம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் "ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம்! கம்ப்யூட்டருக்கு மரப்பெட்டி, ஓணான். உள்ளே நீ சொன்ன பித்தளைக் கால்களில் மதர்போர்டு. வெளியே ஆணி இல்லை, திருகாணி இல்லை, மூலைக்கு மூலை பல்லோடு பல் கோத்த இணைப்பு. கதவு மூடினால் கோடுகூடத் தெரியவில்லை. ஒயர் வெளியே வர வேண்டிய துளையில் ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார். "தூசு, பூச்சி, காத்துகூட உள்ள போகாது பாரு"ன்னு என்கிட்ட ரெண்டு தரம் சொன்னார். மின்மினி வந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு செய்வீங்களா?"ன்னு கேட்டாள்.

நாங்களே பூட்டினோம். முதல் தடவையிலேயே விசிறி சுற்றித் திரையில் படம் வந்தது. நான் கைதட்டினேன், அவர் சிரித்தார்.

ஆனால் சரியாக இருபது நிமிஷம். பட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் பத்து நிமிஷம். மறுபடி ஐந்து. ஒரு வாரமாக இதே கதை. "அவன் லிஸ்ட்டுதானே, லட்சணம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நேற்று மேலே துணி போட்டு மூடிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படி ஆகிறதே! என்ன கோளாறு, எந்தச் சாமான் மட்டம்? சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்ணைத் துடை. ஒரு சாமானும் மட்டமில்லை.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்தேன். ரேடியோக்காரர், "நேரா சொல்லிடு, அடிக்கணும்னா நீச்சல் அடிச்சு வரட்டும்"னு சொல்றார். நேராகவே சொல்கிறேன்.

பெட்டியில்தான் கோளாறு. அதுவும் அது நேர்த்தியாக இருப்பதுதான் கோளாறு. பிராசஸர் வேலை செய்யும்போது அடுப்பு மாதிரி கொதிக்கும். விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும், பெட்டியில் வெளியே போக வழியே இல்லை. அதே சூட்டுக் காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும். தூசு புகாமல் அலமாரி செய்வது அத்தானுக்கு மானப் பிரச்சினை, இந்தச் சனியனுக்குத் தூசு புகுந்தாலும் பரவாயில்லை, காற்று வேண்டும்.

முன்பக்கம் கீழே கொஞ்சம் துளைகள், குளிர்ந்த காற்று வர. பின்பக்கம் மேலே கொஞ்சம் துளைகள், சூடான காற்று போக. அவ்வளவுதான். துளை போட மனம் இல்லை என்றால் பின்பலகையைக் கழற்றி வைத்தாலும் ஓடும். அந்த வேலைப்பாட்டில் துளை போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தப்பு யார் தலையில் என்று பார்த்தால், என் தலையில். பித்தளைக் காலைப் பற்றி எழுதினேன், பசையைப் பற்றி எழுதினேன். தினம் நாலு வேளை காற்றை அளக்கிறவன், காற்றைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இதையும் அவரிடம் படித்துக் காட்டு.

தம்பி


ஆகஸ்ட் 16

மச்சானுக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்கிறாள் உன் அக்கா. விசாரித்துவிட்டேன்.

இரண்டு நாள் பெட்டி மேல் போட்ட துணியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. சரி, பயல் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. ஆனால் பின்பலகை இல்லாத பெட்டியை என் பட்டறையிலிருந்து இதுவரை அனுப்பியதில்லை. துளை போட்டேன். முதல் துளைக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது துளைக்குப் பழகிவிட்டது. முன்னால் முப்பத்தாறு, பின்னால் முப்பத்தாறு, வரிசையாக, விளிம்பு மழுக்கி. இப்போது பார்ப்பவர்கள் அழகுக்குப் போட்டது என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

மே மாசத்துக் கடிதத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டிருந்தால் மட்டும் என்ன? "விக்கட்டுமா அத்தான்?"னு நீ கேட்டிருந்தா, "உன் பெட்டி, உன் இஷ்டம்"னுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அப்புறமும் கோபப்பட்டிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள், உன் அக்காவைக் கேள். ஊர் போனது வருத்தம்தான். அதற்காக உன்னைத் துறையில் தனியாக நிற்கவிட்டேனே, அது அதைவிட வருத்தம். படகு கிளம்புகிற சங்கு பட்டறை வரைக்கும் கேட்டது. அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

புது ஊர் தொடங்கினேன். ஒரு ரோடு போடுகிறேன், அழிக்கிறேன். எட்டு நாளாக அதுதான் நடக்கிறது. தனியாகக் கட்டப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "அங்க போடாதீங்க, டிராபிக் அடைச்சுக்கும்"னு வம்பு பண்ண ஒரு ஆள் வேண்டும். உன் அக்கா பண்ணுகிறாள். ஆனால் அவள் தெருவுக்குத் தெரு மருந்துக்கடை வைக்கச் சொல்கிறாள்.

உனக்கு லீவு உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அத்தான்


ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை ரேடியோக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "முப்பத்தாறா!" என்றார். அதற்கப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

லீவு உண்டு. இரண்டு வருடமாக எடுக்காத லீவு முழுக்க இருக்கிறது. வந்தால் எந்த முகத்தோடு உங்கள் எதிரே உட்காருவது என்று தெரியாமல்தான் எடுக்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்டேன், "உனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா?"ன்னு ஆச்சரியப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே படகில்தான் வருகிறோம். தபால் பையில் போடப் போனேன், அப்புறம் போடவில்லை. தபால்காரருக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். அதனால் இதை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். வாசலில் நின்று வாயைத் திறந்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும், அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் எதிரே நிற்கிறேன். படித்து முடித்துவிட்டால் "உள்ள வா மச்சான்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான். உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

உங்கள் மச்சான்